போல்ட்டைக் கழற்றிவிட்ட பம்ப்

டுனெடின், நியூசிலாந்து
ஜனவரி 9

அன்புள்ள ஆறுமுகத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகும் உன் கையெழுத்து கோணாமல் இருப்பதைப் பார்த்ததும்தான் நிம்மதி வந்தது. ஆனால் தங்கச்சி போனில் சொன்ன கதை வேறு. டாக்டர் மூன்று மாதம் படியேறக் கூடாது என்றாராம், நீ அதற்குப் பட்டறையில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டாயாம். உன்னைத் திருத்த முடியாது.

வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளம் தட்ட எனக்கு வராது. அதனால் பேனாவிலேயே எழுதி, பேத்தியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். பெரிதாக்கிப் படித்துக்கொள்.

போன வாரம் ஒரு படகில் போனேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? மாப்பிள்ளையிடம் சொன்னால் "அப்படிங்களா மாமா" என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கிறார். நல்ல பையன்தான், கம்ப்யூட்டர் ஆள், தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் சக்கரத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.

இங்கிருந்து நாலு மணி நேரம் காரில் போனால் குவீன்ஸ்டவுன். அங்கிருந்து ஏரிக்கரையோடு 45 கிலோமீட்டர் தள்ளி கிளெனோர்க்கி என்று ஒரு சின்ன ஊர். வகாட்டிப்பு என்கிற அந்த ஏரி 80 கிலோமீட்டர் நீளம். ஏரியின் தலைமாட்டில் ஊர், ஊருக்குப் பின்னால் பனிமலை. மலைமேல் இருக்கிற பனியாறு உருகி டார்ட் என்ற ஆறாக வந்து ஏரியில் விழுகிறது. அந்த ஆற்றை எதிர்த்து மேலே ஏறுகிற படகுக்குத்தான் மகள் டிக்கெட் எடுத்திருந்தாள். விலையைச் சொன்னால் நீ சண்டைக்கு வருவாய், விட்டுவிடு.

முழங்கால் வரைக்கும் ஒரு மழைக்கோட்டு, அதன் மேல் மிதவைச் சட்டை. குருத்வாரா வாசலில் கொடுக்கிற துணி மாதிரி ஒரு குல்லாவும் கொடுத்தார்கள். ஓட்டுவது இருபத்தைந்து வயதுப் பெண். வழிகாட்டியும் அவள்தான். ஏறுவதற்கு முன்னால் நான் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். ப்ரொப்பெல்லர் இல்லை. சுக்கானும் இல்லை. எஞ்சினைக் காட்டச் சொல் என்று மகளிடம் சொன்னேன். "அப்பா, சும்மா வாங்க" என்று இழுத்தாள். ஆனால் அந்தப் பெண் நான் பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டு பின்மூடியைத் தூக்கிக் காட்டினாள்.

ஆறுமுகம், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே இருப்பது பம்ப். நம்ம பம்ப்.

படகின் அடிவயிற்றில் தண்ணீர் இழுக்க ஒரு வாய். வாய்க்குக் குறுக்கே கம்பிச் சல்லடை. எஞ்சினிலிருந்து ஷாப்ட் நேராக வந்து இம்பெல்லரைச் சுழற்றுகிறது. அதற்குப் பின்னால் அசையாத இலைகள், தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற சப்மர்சிபிள் பம்ப்பின் பவுல் உறைக்குள் நாம் வார்ப்போமே, சுழன்று வருகிற தண்ணீரை நேராக்கி அனுப்புவதற்கு, அதே வேலைதான். கடைசியில் வாய் குறுகிய ஒரு நாசில். தண்ணீர் பின்னால் பீய்ச்சி அடிக்கிற உதையில் படகு முன்னால் பாய்கிறது. நாசிலை இடது வலது திருப்பினால் படகு திரும்பும். பின்னால் வர வேண்டுமென்றால், நாசில் மேல் ஒரு முறம் போன்ற தகடு இறங்கித் தண்ணீரை முன்பக்கமாகத் திருப்பிவிடும். கியர் மாற்றுகிற வேலை கிடையாது.

ஒன்று கவனித்தாயா? எஞ்சினைக் குறைத்துவிட்டால் திருப்பவே முடியாது. பீய்ச்சுகிற தண்ணீர்தானே சுக்கான்! பாறை எதிரே வந்தால் நம் கை தானாக ஆக்சிலேட்டரை விடும். இங்கே அப்படி விட்டால் நேராகப் பாறையில்தான். பயம் வருகிற இடத்தில் அழுத்த வேண்டும். அந்தப் பெண் அதைச் சாதாரணமாகச் செய்துகொண்டே, பாதித் திரும்பி எங்களிடம் கதையும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இதைச் செய்தவர் பில் ஹாமில்டன். ஆட்டுப்பண்ணைக்காரர். இந்தத் தெற்குத் தீவிலேயே ஐரிஷ்மேன் கிரீக் என்ற இடத்தில் பண்ணை. பண்ணைக்குள்ளேயே பட்டறை போட்டு, அணை கட்டித் தனக்கு வேண்டிய கரண்டைத் தானே எடுத்து, மண் அள்ளும் எந்திரமெல்லாம் செய்தவர். நம்ம ஊரில் பிறந்திருந்தால் பீளமேட்டில் ஃபவுண்டரி வைத்திருப்பார். அவர் பக்கத்து ஆறுகளெல்லாம் ஆழமில்லாத கூழாங்கல் ஆறுகள். ப்ரொப்பெல்லர் படகு நாலு அடி போனால் கல்லில் இடித்து இலை வளைந்துவிடும். அதனால் 1950-களில் பம்ப் வைத்த படகை முயற்சி பண்ணியிருக்கிறார். முதலில் ஓர் அமெரிக்க மாதிரியைப் பார்த்து, தண்ணீரைப் படகுக்கு அடியில் பீய்ச்சும்படி வைத்தார். சரியாக ஓடவில்லை. வேலையாள் ஒருவர், நாசிலைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி வைத்தால் என்ன என்று கேட்டாராம். தூக்கி வைத்தார்கள். அடியில் நீட்டிக்கொண்டு ஆற்றில் இழுபட்ட சாமான் போய்விட்டது, படகு பறந்தது.

வேலையாள் சொன்னதை முதலாளி காதில் வாங்கியிருக்கிறார் பார். நாம் வேலை பழகிய இடத்தில், அச்சுக்குள் உருக்கு ஓடுகிற ரன்னர் வாய்க்காலை அரை அங்குலம் தள்ளி வெட்டலாம் என்று நீ சொன்னதற்கு என்ன கிடைத்தது என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

ஐம்பது வருஷம் நாம் என்ன செய்தோம்? பம்ப்பை ஃபவுண்டேஷன் போல்ட் போட்டு இறுக்கினோம், அது அசைந்தால் நம் மேல் குற்றம். பம்ப் நிற்கும், தண்ணீர் ஓடும். அந்த மனுசன் போல்ட்டைக் கழற்றிவிட்டார், பம்ப் ஓடட்டும் என்று. அவ்வளவுதான் வித்தியாசம். இது நமக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் வயிற்றெரிச்சல். தோன்றியிருந்தாலும் நொய்யலில் எங்கே போய் ஓட்டுவது என்று நீ கேட்பாய். அதுவும் சரி. இதையெல்லாம் கண்டுபிடித்தது ஆர்க்கிமிடீஸ்தான், நான் இல்லை என்று சொல்லிவிட்டாராம் ஹாமில்டன். 1974-ல் சர் பட்டம் கொடுத்தார்கள்.

இதே படகில்தான் 1977-ல் எட்மண்ட் ஹிலாரி கங்கை முகத்துவாரத்தில் கிளம்பி ஆற்றை எதிர்த்து மேலே போனார். உனக்கு ஞாபகம் இருக்கும், டீக்கடையில் பேப்பரை நீ உரக்கப் படித்தாய். மூன்று படகுகள். ஒன்றின் பெயர் கங்கா, இன்னொன்று கிவி, மூன்றாவது ஏர் இந்தியா. ஓட்டியவர்களில் ஹாமில்டனின் மகனும் ஒருவர் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. நந்தப்பிரயாகை பக்கம் ஓர் அருவி குறுக்கே வந்து படகுப் பயணம் முடிந்தது. அருவி ஏறுகிற பம்ப் இன்னும் யாரும் செய்யவில்லை போல.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். டார்ட் ஒரே ஓட்டமாக வருகிற ஆறு இல்லை. கல்படுகை அகலமாக விரிந்து கிடக்கிறது, அதில் பத்துப் பதினைந்து கால்களாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து, சடை பின்னின மாதிரி வருகிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பின்னல் மாறுமாம். நேற்றுப் போன வழி இன்றைக்கு இருக்காது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், கணுக்கால் அளவுத் தண்ணீரில், எந்தக் கால் ஆழம் என்று மேலே ஓடுகிற சுழிப்பை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்கிறாள் அந்தப் பெண். மேலே விரலைத் தூக்கி ஒரு வட்டம் போட்டால் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படகு நின்ற இடத்தில் பம்பரமாக ஒரு சுற்று சுற்றும். முதல் சுற்றில் என் குல்லா போயிற்று. இரண்டாவது சுற்றில் பேத்தி "தாத்தா, இன்னொரு தரம்" என்று கத்தினாள். நான் கத்தவில்லை, ஆனால் எனக்கும் ஆசைதான்.

தண்ணீர் நிறம் உனக்குப் புரிய வேண்டுமென்றால், மயில்கழுத்து நீலத்தில் பாலை ஊற்றிக் கலக்கினது போல. பனியாறு நகரும்போது பாறையை அரைத்துவிடுகிறது, அந்த மாவு தண்ணீரில் மிதக்கிறது. எனக்கு உடனே தோன்றியது இம்பெல்லர்தான். மணல் தண்ணீர் கிணற்றில் நம் பம்ப் எப்படித் தேய்ந்து திரும்பி வரும்! கேட்டேன். ஆமாம், தேய்மானம்தான் பெரிய செலவு என்றாள்.

பாதி வழியில் எஞ்சின் சத்தம் உயர்ந்தது, படகு இழுக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மகள் முகம் வெளுத்துப் போனாள், நான் "சல்லடை அடைச்சிருக்கும்" என்றேன் தமிழில். அந்தப் பெண் கல்திட்டில் ஒதுக்கி, நீளமான வாரி ஒன்றை விட்டுக் கிளறினாள். சல்லடையிலிருந்து ஒரு கை நிறையக் கூழாங்கல்லும் ஒரு விளாரும் வந்தன. கிணற்றுக்குள் இறங்கி, உறிஞ்சுகுழாய் அடியில் இருக்கிற புட்பாலில் பாசி எடுக்கிற அதே வேலை! குழாயில் காற்றுப் போகச் சாணித்தண்ணி ஊற்றிப் பிரைம் பண்ண வேண்டியதில்லை, அது ஒன்றுதான் பாக்கி. அந்தக் கல்லில் ஒன்று என் சட்டைப்பையில் இருக்கிறது. சாதாரண சாம்பல் கல்தான். இங்கே கிடைக்கிற பச்சைக் கல், பொனாமு என்கிறார்கள், அதைத் தொடவே கூடாது. அந்தக் கல்லுக்காகத்தான் இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகள் அந்தக் காலத்தில் இந்தப் பள்ளத்தாக்குக்கு நடந்தே வந்திருக்கிறார்கள். 1997-ல் சட்டம் போட்டு அதை நை டாஹு என்ற அவர்கள் குலத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கல் விளைகிற மலைக்குள் அனுமதியில்லாமல் யாரும் போக முடியாது. அந்தப் பக்கத்து ஓடை ஒன்று 2014-ல் மலையைச் சரித்துக்கொண்டு வந்து, ஆற்றையே மறித்து மூன்று கிலோமீட்டருக்கு ஒரு ஏரி உண்டாக்கியதாம்.

கரையேறிக் காட்டுக்குள் நடந்தோம். எஞ்சின் சத்தத்துக்குப் பிறகு அந்த அமைதி காதில் ரீங்காரமாக இருந்தது. பீச் மரங்கள். இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம், ஆனால் இலை பார்த்தால் சுண்டுவிரல் நகம்தான். தரை முழுக்கப் பாசி, கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்குகிறது. வால்பாறையில் நீ ஒவ்வோர் அடிக்கும் தடியால் தட்டிக்கொண்டே வருவாயே, இங்கே அது வேண்டாம். இந்த நாட்டில் பாம்பே கிடையாது. வௌவாலை விட்டால் தரையில் வாழ்கிற பாலூட்டி எதுவும் சொந்தமாகக் கிடையாது.

அதனால்தான் பறவைகள் இப்படி ஏமாளிகளாக இருக்கின்றன. அந்தப் பெண் குதிகாலால் பாசியை லேசாகச் சுரண்டிவிட்டு நகர்ந்தாள். எங்கிருந்தோ ஒரு ராபின் வந்தது. சாம்பல் உடம்பு, தீக்குச்சிக் கால். சுரண்டின இடத்தில் ஒரு புழுவைக் கொத்திவிட்டு, என் ஷூ மேல் ஏறி நின்று கயிற்றை இழுத்துப் பார்த்தது. பேத்தி மூச்சு விடவில்லை. மனிதனைக் கண்டு பயப்படத் தெரியாத பிறவி. முயலைப் பிடிக்க 1880-களில் வெள்ளைக்காரர்கள் ஸ்டோட் என்று ஒரு கீரி போன்ற பிராணியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது முயலை விட்டுவிட்டுப் பறவையைத் தின்னத் தொடங்கிவிட்டது. இப்போது பாதை ஓரமெல்லாம் அதற்கு மரப்பெட்டிப் பொறி, உள்ளே ஒரு கோழிமுட்டை. பீச் மரம் சில வருஷம் ஏராளமாகக் காய்க்குமாம். அந்த வருஷம் எலி பெருகும், எலியைத் தின்று ஸ்டோட் பெருகும், எலி தீர்ந்ததும் பறவைக் கூட்டுக்கு ஏறும். அதனால் மரம் நன்றாகக் காய்த்தால் இங்கே கவலைப்படுகிறார்கள். மோஹுவா என்ற மஞ்சள் குருவி அப்படித்தான் குறைந்துபோனது. இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கிறது. குரல் கேட்டது, குருவி கண்ணில் படவில்லை. நூறு டாலர் நோட்டில் அச்சடித்திருக்கிறது, டிக்கெட் எடுக்கும்போது அதில் பார்த்ததோடு சரி.

இன்னொன்று கேள். ஒரு மரத்தில் சிவப்பாகப் பூத்திருந்தது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் புல்லுருவி! நம் தோட்டத்தில் மாமரத்தில் பார்த்தால் அரிவாள் எடுப்போம். இங்கே அதைப் போசம் என்கிற மரமேறிப் பிராணி தின்றுவிடாமல் காப்பாற்றுகிறார்கள். அதன் மொட்டு தானாக விரியாது. குருவி வந்து நுனியைத் திருகினால்தான் பட்டென்று வெடித்துப் பூவாகும். புல்லுருவி என்று நாம் திட்டினவர்களையெல்லாம் ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன்.

சேண்ட்ஃப்ளை என்று ஒரு பூச்சி. கொசுவில் பாதி இருக்காது, சத்தமும் இல்லை. அழகைப் பார்த்து மயங்கி மனுசன் அங்கேயே தங்கிவிடக் கூடாது என்று மாவோரித் தெய்வம் ஒன்று அதை விட்டதாகக் கதை. நான் காலுறை இறங்கியது தெரியாமல் நின்று புல்லுருவியை ஆராய்ந்ததில் கணுக்காலில் பதினெட்டுக் கடி. பேத்திதான் எண்ணினாள். இன்னமும் சொறிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

ஆற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்தேன். ஜன்னலில் வைத்து ஆறு நாளாகிறது, அடியில் மைதா மாதிரி ஒரு விரற்கடை படிந்திருக்கிறது, மேலே இன்னும் தெளியவில்லை. ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள், இல்லாவிட்டால் உனக்குக் கொண்டு வந்திருப்பேன்.

பட்டறைச் சாமான்களை எடைக்குப் போடப் போவதாக எழுதியிருக்கிறாய். லேத்தைக் கொடுத்துவிடு, அது உன் இஷ்டம், நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பரண்மேல் வார்ப்புக்கு அச்சு எடுக்கத் தேக்கில் செதுக்கின மரப் பேட்டர்ன்கள் கிடக்கின்றன அல்லவா, அதில் மூன்று இலை இம்பெல்லர் ஒன்று உண்டு, 82-ல் ஒரு பெரிய ஆர்டருக்குச் செய்து, ஆர்டர் போனபின் தூக்கிப் போட்டது. அதை மட்டும் எடைக்காரனுக்குக் கொடுக்காதே. நீ பரண் ஏறாதே, பையனை ஏறச் சொல். கறையான் பிடித்திருந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவி வை. பிப்ரவரி 2-ம் தேதி கோவை வந்து இறங்குகிறேன், மறுநாள் காலை டிபனுக்கு அங்கே இருப்பேன். தங்கச்சியிடம் ராகிக் களி கேட்டதாகச் சொல். இங்கே ரொட்டி தின்று நாக்கு செத்துவிட்டது.

உன்
ரங்கசாமி