பிழை என்று எதைச் சொல்வது?

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் பழைய வயலின் மெட்டுகள் கையெழுத்து ஏடுகளிலிருந்து மீட்கப்படுவது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். பழைய ஏடுகளில் உள்ள 'பிழைகளை'த் திருத்தி வெளியிடுவதைப் பணியின் சிறப்பாகக் கட்டுரையாளர் பாராட்டியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். வடக்கு யார்க்‌ஷயரின் ஜோஷுவா ஜாக்சன் மாவு அரைக்கும் ஆலைக்காரர். 200-க்கும் மேற்பட்ட மெட்டுகளை எழுதிவைத்த ஜான் கிளேர், கவிஞராக அறியப்படுவதற்கு முன் பண்ணைக் கூலி. ஜிப்ஸி வாசிப்பாளர்களிடம் காதால் கேட்டு வயலின் பழகியவர். அப்படிப்பட்டவரின் தாளில் ஒரு சுரம் இலக்கணத்துக்கு மாறாக இருந்தால், அது கைத்தவறாகவும் இருக்கலாம். அந்த ஊர்ப் பாணியாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று முடிவுகட்ட நமக்கு என்ன அவசரம்?

மேற்கத்திய வயலின் கற்பிக்கும் நான், ஒரே மெட்டின் திருத்திய அச்சுப் பிரதியையும் மூல ஏட்டின் படத்தையும் மாணவர்களிடம் கொடுத்ததுண்டு. திருத்தியவர் அரைச் சுரம் உயர்த்திக் கூராக்கிய (sharp) சுரத்தைவிட, ஏட்டிலிருந்த உயர்த்தாத இயல்பு (natural) சுரத்தையே அவர்கள் விரும்பி வாசித்தார்கள். (இசைத் தேர்வு வாரியம் ஏற்குமா என்பது வேறு கதை.) எனவே நூலகங்களும் பதிப்பாளர்களும் திருத்திய வடிவத்துக்குப் பக்கத்திலேயே மூலத் தாளின் படத்தையும் வெளியிட்டு, மாற்றிய ஒவ்வொரு சுரத்தையும் அடிக்குறிப்பில் காட்ட வேண்டும். தங்கள் இதழும் அடுத்த முறை இத்தகைய ஏட்டின் ஒரு பக்கத்தையாவது படமாக அச்சிடலாம்.

வயலின் ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்