ஒரு ரப்பர் சீலுக்காக ரோபோவையே தூக்கிப் போடச் சொல்லாதீர்கள்

நீச்சல்குளத் துப்புரவு ரோபோக்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் கொண்டோமினிய (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) நீச்சல்குளங்களைப் பராமரிக்கும் ஒரு சிறு குழுவை நடத்துகிறேன். உங்கள் கருவி எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடியில் தண்ணீரை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக மேலே பீய்ச்சி, அந்த விசையிலேயே சுவரோடு ஒட்டி ஏறுகிறதே, அந்த யோசனை எனக்கு இன்றைக்கும் வியப்புதான். அதனால் உங்கள் வேலையை மதிக்காதவன் எழுதுவதாக நினைக்க வேண்டாம். அண்மையில் கிடைத்த ஒரு பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது.

உத்தரவாதக் காலம் முடிந்த கொஞ்ச நாளில் எங்கள் ரோபோ நின்றுபோனது. சேவை மையத்துக்குக் கொண்டுபோனோம். “மோட்டார் பெட்டியத் திறக்க முடியாது, முழுசா மாத்தணும்” என்றார்கள். சொன்ன விலையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புது ரோபோவே வாங்கிவிடலாம். சரி, இனி கெடுவதற்கு எதுவுமில்லை என்று பட்டறையில் வைத்து நாங்களே பெட்டியை அறுத்துப் பார்த்தோம்.

தண்ணீரைத் தள்ளும் விசிறியான இம்பெல்லரின் அச்சைச் சுற்றித் தலைமுடியும் நீச்சலுடை நூலும் கயிறு போல் முறுக்கிக் கிடந்தன. அதற்கடியில், அச்சு வெளியே வரும் துளையில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து, விறைத்துப் போயிருந்தது. அச்சின் மேல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு பள்ளம். அந்த வழியாகப் புகுந்த தண்ணீரில் மின்சுற்றுப் போர்டின் பின்கள் பச்சை பூத்திருந்தன. மோட்டாரின் சுருளுக்கு ஒன்றும் ஆகவில்லை, காந்தத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் போனது அந்தச் சின்ன ரப்பர் வளையம்தான். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் சில வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) அது மாதிரி சீல் கிடைக்கும். ஆனால் வாங்கி வந்து எப்படிப் போடுவது? மூடியைச் சுற்றி நீங்கள் ஊற்றி இறுக வைத்திருக்கும் ரெசினை (பிசின்) உடைக்காமல் பெட்டி திறக்காதே.

ரோபோ நின்றால் குளம் காத்திருக்காது. எங்கள் குழுவில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர். ரோபோ இல்லாத நாளெல்லாம் அவர்தான் நீளக் கம்பையும் வேக்குவம் ஹோஸையும் எடுத்துக்கொண்டு 25 மீட்டர் குளத்தின் ஓரமாக நடக்கிறார். வேகமாகத் தள்ளினால் அடியில் படிந்த மண் கலங்கிவிடும், அப்புறம் அது படியும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு தள்ளலும் மெதுவாக, தோளின் பலத்தில். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் இலையும் சேறும் சேர்ந்துகொள்ளும். ஒரு நாள் மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க இடது கையைத்தான் நீட்டினார். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ரோபோ வந்த அன்று மற்ற எல்லாரையும்விட அதிகம் மகிழ்ந்தவர் அவர்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சீலை மாற்ற விடுங்கள். பேரிங்கை மாற்ற விடுங்கள். பெட்டிக்கு ஓ-ரிங்கும் (கசிவைத் தடுக்கும் வட்ட ரப்பர்) திருகும் வைத்த மூடி போடுங்கள்.

வெளியாள் திறந்தால் தண்ணீர் புகுந்துவிடும் என்பீர்கள். கடலுக்கடியில் படம் எடுப்பவர்கள் கேமரா உறையின் ஓ-ரிங்கைத் தாங்களே துடைத்து, கிரீஸ் தடவி மூடுகிறார்கள். தண்ணீரில் இறங்குமுன் உள்ளே காற்றை உறிஞ்சிக் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் வசதிகூட அவர்களுக்கு இருக்கிறது. அப்படி ஒரு சோதனைத் துளையை உங்கள் பெட்டியிலும் வைக்கலாமே? மீன் தொட்டிப் பம்புகளைப் பாருங்கள். காந்தச் சுழலி தண்ணீருக்குள்ளேயே சுற்றுகிறது, சுருள் மட்டும் ரெசினுக்குள் இருக்கிறது. அச்சுக்குத் துளையே இல்லாதபோது தேய்வதற்குச் சீல் எங்கே இருக்கிறது? சக்கரங்களை ஓட்ட அந்த முறை போதாது என்றால் ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் உறிஞ்சும் பம்புக்காவது யோசிக்கலாம்.

எங்கள் ஊர் வெப்பத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் 50 டிகிரிக்குச் சூடான பெட்டியை 29 டிகிரி தண்ணீரில் இறக்கினால் உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் சுமார் 6.5 சதவீதம் குறையும். சீலின் மேல் அரை மீட்டருக்கும் அதிகமான தண்ணீர் கூடுதலாக நின்று அழுத்துவதற்கு அது சமம். நிழலில் வையுங்கள் என்று கையேடு சொல்கிறது, வைக்கிறோம். ஆனால் ஓடிச் சூடான மோட்டார் தண்ணீருக்குள்ளேயே ஆறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இதுவேதான் நடக்கிறது. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் குளத்தை மூடிவிடுவார்கள். இங்கே 12 மாதமும் திறந்திருக்கும். உத்தரவாதத்தை மட்டும் இரண்டு இடத்திலும் வருடக் கணக்கில் தருகிறீர்கள். ஓடிய மணிக்கணக்கில் தருவதுதான் நியாயம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி விதிமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான். 2027 பிப்ரவரி 18 முதல் கருவிகளில் உள்ள சிறிய பேட்டரிகளைப் பயனாளரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். பெரும்பாலும் தண்ணீரில் இயங்குகிற, கழுவக்கூடிய கருவிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கின்படியும் வெளியிலுள்ள தொழில்நுட்பர் ஒருவரால் அதை மாற்ற முடிய வேண்டும். சீலைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லைதான். ஆனால் பேட்டரிக்காக ஒரு மூடியைத் திறக்கும்படி செய்ய முடிகிற உங்களால், சீலுக்காக இன்னொரு மூடியைத் திறக்கும்படி செய்ய முடியாதா?

புது மாடல் வரும்போதெல்லாம் செயலி, விளக்கு, கேமரா என்று ஏதாவது சேர்கிறது. புளூடூத் தண்ணீருக்குள் சில அங்குலம் போவதே பெரிய பாடு. ரோபோ அடியில் இருக்கும்போது அந்தச் செயலியால் எங்களுக்கு என்ன பயன்? அதைச் செய்த உழைப்பில் ஒரு பங்கை மூடிக்குச் செலவிட்டிருக்கலாம் என்று நினைக்கும்போது கோபம்தான் வருகிறது. தூக்கிப் போடுவதை எங்கே போடுவது என்பது இந்தச் சின்ன ஊருக்குப் பெரிய கேள்வி. எங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே குப்பை நிரப்புநிலம் செமாக்காவ். அதுவும் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள்.

கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் நம் ஊர்க் கல்லூரிகளில் படித்து இந்தத் துறைக்கு வந்தவர்களும் இருப்பீர்கள். தமிழ் தெரியாத சக பொறியாளர்களுக்கு இதை எடுத்துச் சொன்னால் நன்றியோடு இருப்பேன். அடுத்த மாடலில் திறக்கக்கூடிய மூடி வேண்டும். இப்போதுள்ள மாடல்களுக்கு அச்சின் விட்டத்தையும் சீலின் அளவையும் கையேட்டில் அச்சிடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நாங்கள் அறுத்த பெட்டி தேய்ந்த சீலோடு அப்படியே பட்டறையில் இருக்கிறது. உங்கள் ஆய்வுக்கு வேண்டுமென்றால் எங்கள் செலவிலேயே அனுப்பி வைக்கிறோம்.