மாதுளையைக் கராஜில் தூங்கவிடு

ஸ்காபரோ
செப்டெம்பர் கடைசி

அன்புள்ள மகளுக்கு,

கல்கரியிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். சாடியில் போன்சாயாக வளர்க்கும் குட்டை மாதுளையின் இலை எல்லாம் மஞ்சளாகிவிட்டது, தொட்டாலே கொட்டுகிறது, செத்துவிடுமா அப்பா என்று கேட்டிருந்தாய். சாகாது, பிள்ளை. தூங்கப்போகிறது. சந்தேகம் என்றால் ஒரு சிறு கிளையில் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார். பழுப்புத் தோலுக்கு அடியில் ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒரு இடத்தில் சுரண்டினால் போதும், ஒவ்வொரு நாளும் சோதிக்காதே.

போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஹோலில் ஹீற்றருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதே. எங்கள் சனம் முதலில் செய்வது அதைத்தான். மாதுளை வெயில் நாட்டு மரம், குளிரில் பாவம் என்று நினைப்பு. அம்மம்மா வீட்டுக் கிணற்றடி மாதுளை வருடம் முழுக்கப் பச்சையாகவே நின்றதால் வந்த நினைப்பு அது. ஆனால் மாதுளையின் பூர்வீகம் ஈரான் பக்கம். அங்கே பனி விழும். குளிர் வந்தால் இலையை உதறிவிட்டு நிற்க அந்த மரத்துக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அதற்குத் தேவை வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுச் சூட்டில், குளிர்கால மங்கல் வெளிச்சத்தில் வைத்தால் தூங்கவும் மாட்டாது, ஒழுங்காக வளரவும் மாட்டாது. மெலிந்து நீண்ட தளிர்களை விடும். காய்ந்த காற்றுக்குச் சிலந்திப்பேனும் வந்து சேரும். வளர்ப்பு விளக்குப் போட்டு உள்ளேயே வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேறு பாடு, மின்சாரக் கட்டணமும் வேறு.

இங்கே எனக்கு வாசற்படிக்குக் கீழே கோல்ட் ரூம் இருக்கிறது. அம்மாவின் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் ஏப்ரல் வரை கவலை இல்லை. உன் வீட்டில் அது இல்லை, கராஜ்தான். இலை முழுக்க விழுந்த மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லை, அதனால் இருட்டைப் பற்றி யோசிக்காதே. வெப்பநிலையைத்தான் பார்க்க வேண்டும். 0 முதல் 7 பாகை வரை இருந்தால் உத்தமம். நிலத்தில் நன்றாக வேரூன்றிய குட்டை மாதுளை மைனஸ் 10 பாகையைக்கூடத் தாங்கும் என்பார்கள். அதை நம்பி விட்டுவிடாதே. சாடியில் நிற்கும் மரத்தின் வேருக்கு நான்கு பக்கமும் குளிர் அடிக்கும், கிளையைவிட வேர் முதலில் போய்விடும். கல்கரியில் மைனஸ் 30 வரும் நாட்களும் உண்டு.

ஆகவே இப்படிச் செய். மீன்கடையில் ஒரு ரிஜிபோம் பெட்டி கேட்டு வாங்கு. சாடியை உள்ளே வைத்து, சுற்றிவரக் காய்ந்த இலையோ மரப்பட்டைத் தூளோ போட்டு அடை. வீட்டோடு ஒட்டிய சுவர்ப்பக்கம், சிமெந்துத் தரையில் படாமல் ஒரு பலகை மேல் வை. காரிலிருந்து உருகி வடியும் உப்புத்தண்ணீர் அதில் தெறிக்கக் கூடாது. இரவில் எவ்வளவு இறங்கியது என்று பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள்ளேயே போடு. பெட்டிக்குள் மைனஸ் 5ஐ நெருங்கினால் அந்தக் குளிர் அலை போகும் வரை வீட்டுக்குள் இருப்பதிலேயே குளிர்ந்த, இருட்டான மூலைக்கு எடு. பிறகு திரும்பக் கராஜுக்கே கொண்டுபோ. எலி இருந்தால் அடிமரத்தைச் சுற்றிக் கம்பிவலை போடு, குளிர்காலத்தில் அதுகள் பட்டையைக் கொறிக்கும்.

உங்கள் ஊரில் எனக்குப் பயம் மைனஸ் 30 இல்லை, சினூக் என்ற சூடான காற்றுதான். மலைப்பக்கமிருந்து அந்தக் காற்று இறங்கினால் ஜனவரியிலேயே ஒரே நாளில் 20 பாகைக்கு மேல் ஏறிவிடும். நீங்கள் எல்லாரும் ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு நடக்கப் போவீர்கள், மரமும் வசந்தம் வந்துவிட்டது என்று ஏமாந்து மொட்டு அவிழ்க்கும். அடுத்த கிழமை திரும்ப உறைந்தால் அந்தத் தளிர் கருகும். ஜன்னல் வெயில் படாத இடத்தில் பெட்டியை மூடி வைத்திருந்தால் ஓரிரு நாள் சூடு உள்ளே அவ்வளவாக ஏறாது. அப்படியும் தளிர்த்துவிட்டால் அதைத் திரும்பக் குளிருக்குள் தள்ளாதே. அந்த வருடத்துக்குத் தூக்கம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு தெற்கு ஜன்னலில் வை.

தண்ணீர்: மறக்கவும் கூடாது, அன்பு காட்டவும் கூடாது. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை மண்ணுக்குள் ஒரு குச்சியைச் செருகி எடுத்துப் பார், காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் விடு. வெளியில் இருந்து ஒரு கைப்பிடி ஸ்னோவை அள்ளி மண்ணின் மேல் வைத்தாலும் போதும், மெல்ல உருகி இறங்கும். உரம் வேண்டவே வேண்டாம்.

இலை விழுந்ததும் கிளைகள் எல்லாம் தெளிவாகத் தெரியும், உனக்குக் கை துருதுருக்கும். கத்தரியைத் தொடாதே. வெட்டுவதை வசந்தத்துக்கு வை. முற்றிய கிளையைக் கம்பி சுற்றி வளைக்கவும் பார்க்காதே, மாதுளை வளையாது, படக்கென்று முறியும். கோடையில் வரும் இளந்தண்டில்தான் கம்பி வேலை. இப்போது செய்யக்கூடிய ஒரே வேலை, அந்த இரண்டு காய்களையும் பறித்துவிடுவது. அழகாக இருக்கிறது என்று விட்டு வைத்திருக்கிறாய், தெரியும். ஒரு எலுமிச்சங்காய் அளவுகூட வராது, புளிக்கும், மரத்தின் பலத்தைத்தான் குடிக்கும். அம்மா அதை ரசத்தில் போடலாமாம். தாராளமாகப் போடட்டும், எனக்கு வேண்டாம்.

பூ எல்லாம் கொட்டிப்போனது என்று ஜூலையில் குறைப்பட்டாயே, அதற்கும் பதில் சொல்கிறேன். மாதுளையில் இரண்டு விதப் பூ வரும். காம்புப்பக்கம் ஒடுங்கி மணி மாதிரி விரிவது ஆண் வேலை மட்டும் செய்யும், உதிர்ந்துவிடும். அடி பருத்துக் குடம்போல இருப்பதுதான் காய்க்கும். அடுத்த கோடையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார், உடனே பிடிபடும். இரண்டும் புதுத் தளிரின் நுனியில்தான் வரும். வடிவம் கெட்டுவிடுமே என்று ஓயாமல் கிள்ளிக்கொண்டிருந்தால் ஒரு பூவும் பார்க்க மாட்டாய்.

வசந்தத்தில் பொறுமையாக இரு. பக்கத்து வீட்டு மரமெல்லாம் பச்சையாகிய பிறகும் இது மொட்டையாகவே நிற்கும், குப்பையில் போட்டுவிடாதே. இங்கே நாங்கள் மே மாத விக்டோரியா நாள் விடுமுறையோடு செடிகளை வெளியே விடுவோம். உங்களுக்கு மே கடைசியிலும் உறைபனி வரலாம், ஆகவே ஜூன் தொடக்கம் வரை இரவில் உள்ளே எடு. ஆலங்கட்டி மழை எச்சரிக்கை வந்தால் மேசைக்கு அடியில் தள்ளிவிடு.

செம்பு நிறத்தில் மொட்டு பருக்கத் தொடங்கும் நேரம்தான் மண் மாற்றச் சரியான நேரம். கடைசியாக மாற்றி இரண்டு வருடமாகிவிட்டது, வரும் வசந்தத்தில் வேரில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். அதை நீ தனியாகச் செய்ய வேண்டாம், நான் வருகிறேன். மொட்டைக் கண்டதும் போன் எடு, டிக்கெட் போடுகிறேன். அதற்கு முதல் மண்ணில் கலக்கும் பியூமிஸ் என்ற நுரைக்கல் ஒரு பை வாங்கி வை, தூளைச் சலித்துவிட்டு.

அன்புடன்
அப்பா