.301: கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அவர்களுக்கு,

பேஸ்பாலின் இரு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 1968-இன் பேட்டிங் பட்டம், அதாவது அதிக சராசரிக்கான பட்டம், உங்களுடையது. சராசரி .301: அடிக்க நின்ற ஆயிரம் முறைக்கு 301 ஹிட் என்ற கணக்கு; ஹிட் என்றால் பந்தை அடித்துவிட்டு ஓடிப் பத்திரமாக ஒரு பேஸை (ஓட்டத்தின் நிறுத்தத்தை) எட்டுவது. இவ்வளவு குறைந்த சராசரிக்குப் பட்டம் போனதே இல்லை என்று அவ்வப்போது யாராவது எடுத்துப்போட்டுச் சிரிக்கிறார்கள். 1930-இல் நியூயார்க் ஜயன்ட்ஸின் பில் டெர்ரி அடித்த .401-ஐப் பக்கத்தில் வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

டெர்ரி ஆடிய அந்த ஆண்டில் மற்றொரு பெரிய லீகான நேஷனல் லீக் முழுவதின் சராசரியே .303. மட்டையோடு போய் நின்றவரெல்லாம் முன்னூறு (.300) அடித்த காலம் அது. .401-ஐ .303-ஆல் வகுத்தால் 1.32. நீங்கள் ஆடிய லீகின் சராசரி .230; .301-ஐ அதனால் வகுத்தால் 1.31. மற்றவர்களைவிட டெர்ரி எவ்வளவு உயரத்தில் நின்றாரோ, ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நீங்களும் நின்றீர்கள். தரைமட்டம்தான் வேறு.

தரை ஏன் அவ்வளவு தாழ்ந்தது? பிட்சர் (பந்து வீசுபவர்) வீசும் பந்தை அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக்காக எண்ணப்படும் பரப்புதான் ஸ்ட்ரைக் எல்லை; மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். 1963-இல் அதைத் தோளின் உச்சியிலிருந்து முழங்காலின் அடி வரை நீட்டினார்கள். தோளுயரத்தில் வரும் பந்தை விட்டால் ஸ்ட்ரைக், தொட்டால் பெரும்பாலும் வானத்துக்குப் போய்க் கேட்ச். போதாக்குறைக்குப் பிட்சர் நிற்கும் மேடு. விதிப்படி 15 அங்குலம். சில மைதானங்களில் அதற்கு மேலும் மண் ஏற்றுகிறார்கள் என்ற முணுமுணுப்பு அப்போதே உண்டு. மேடு உயர உயரப் பந்து செங்குத்தாகச் சரிந்து இறங்கும். மட்டை சுழல்வதோ கிட்டத்தட்ட படுக்கைவாக்கில். அதனால் இரண்டும் ஒரே தடத்தில் சேர்ந்திருக்கும் நேரம் சுருங்கிவிடுகிறது. மட்டை கொஞ்சம் முந்தினால் பந்து அதற்கு மேலே, பிந்தினால் கீழே.

விளைவு உங்களுக்கு எதிரே நின்றது. ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, 9 இன்னிங்சுக்கு 2 ரன்னுக்கும் குறைவாக விட்டுக்கொடுத்த பிட்சர்கள் உங்கள் லீகில் மட்டும் ஐந்து பேர்: டியான்ட் 1.60, மெக்டவல் 1.81, மெக்னாலி 1.95, மெக்லெய்ன் 1.96, டாமி ஜான் 1.98. மெக்லெய்னுக்கு அந்த ஆண்டு 31 வெற்றி. எதிர் லீகில் பாப் கிப்சன் 1.12; அப்படி வீசியும் 9 ஆட்டம் தோற்றார் என்றால், அவருடைய அணியின் பேட்டர்கள் பாடு என்னவென்று பார்த்துக்கொள்ளலாம். இரு லீகின் நட்சத்திரங்களும் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டம் ஹூஸ்டனில் நடந்தது; அதுவே 1-0.

அதே விதிகளின் கீழ்தானே நேஷனல் லீகின் பீட் ரோஸ் .335 அடித்தார் என்பார்கள். அடித்தார். அவருடைய லீகின் சராசரி .243, வகுத்தால் 1.38. அந்த ஆண்டின் சராசரிக் கணக்கில் அவர் உங்களுக்கு மேலே, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவருடைய லீகில் .300-ஐத் தாண்டியவர்கள் ஐந்து பேர். உங்கள் லீகில் நீங்கள் ஒருவர்தான். இரண்டாமிடத்து டேனி கேட்டர் .290.

இன்னொன்று, சராசரி உங்களுக்குச் செய்த ஓரவஞ்சனை. 539 முறை அடிக்க நின்று 162 ஹிட், வகுத்தால் .3006, மேல்நோக்கித் திருத்தித்தான் .301. நீங்கள் பொறுமையாக விட்டு வாங்கிய 119 வாக் (எல்லைக்கு வெளியே நான்கு பந்து வந்தால் அடிக்காமலே கிடைக்கும் முதல் பேஸ்) இந்த வகுத்தலில் எந்தப் பக்கமும் சேராது. சேர்த்துப் பார்த்தால் பேஸ் ஏறிய விகிதம் .426. லீகிலேயே முதலிடம். பட்டத்தை இதற்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

1969-இல் மேட்டை 10 அங்குலமாக வெட்டினார்கள். ஸ்ட்ரைக் எல்லை அக்குளிலிருந்து முழங்காலின் மேல்பக்கம் வரை சுருங்கியது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த ரன் சராசரியாக 3.42-இலிருந்து 4.07-க்கு ஏறியது. முழுப் பெருமையும் மண்வெட்டிக்கே என்று சொல்லிவிட முடியாது: அதே ஆண்டு கன்சாஸ் சிட்டி, சியாட்டில், மான்ட்ரியல், சான் டியேகோ என்று 4 புது அணிகள் சேர்ந்ததில், கீழ்நிலை மைனர் லீகில் இருந்திருக்க வேண்டிய பிட்சர்களும் மேலே வந்துவிட்டார்கள். உங்கள் லீகின் பட்டம் .332-க்கு ராட் கேரூவிடம் போனது.

மேடு தாழ்ந்த அந்த ஆண்டு நீங்கள் அடித்தது .255. ஹோம் ரன் மட்டும் 40.

அன்புடன்,
கணக்குப் பார்க்கும் ஒரு ரசிகன்