முன்சக்கரத்தில் ஒரு டைனமோ

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாலை 5 மணிக்கே கும்மிருட்டு, கால்வாய்க்கரையில் பாதி வழியில் பேட்டரி விளக்கு அணைந்து, கைப்பேசி வெளிச்சத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன் என்று நேற்றுச் சொன்னாயே, அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

உங்கள் மூன்ஸ்டர் ஊர் சைக்கிள் கடைக்காரர் ஹப் டைனமோ, அதாவது சக்கரத்தின் நடுவிலேயே மின்சாரம் எடுக்கிற டைனமோ, வைத்த முன்சக்கரத்தைப் போடச் சொல்கிறார், தேவையா என்று கேட்டாய். முப்பது வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவனிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும்.

நம் கடையில் நான் மாட்டியதெல்லாம் டயரில் உரசுகிற டைனமோ. கொர்ரென்று கத்தும், டயரின் ஓரத்தைத் தின்னும், மழையில் வழுக்கும். ஹப் டைனமோவில் காந்தமும் கம்பிச்சுருளும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள்ளேயே அடக்கம். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் 6 வோல்ட், 3 வாட் தரும்; எல்.இ.டி. விளக்குக்கு அது தாராளம். சிக்னலில் நின்றாலும் சில நிமிடம் எரிகிற விளக்காகக் கேட்டு வாங்கு.

கடையில் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்ப்பாய். தடக் தடக்கென்று சிக்கும். பேரிங் போய்விட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடாதே, காந்தம் இழுப்பதுதான் அது. ஓட்டும்போது தெரியாது. விளக்கு எரிகையில் 5, 6 வாட் உன் காலிலிருந்து போகும். எதிர்க்காற்று அதைவிட அதிகம் பிடுங்கும்.

விலை அதிகம், எடையும் கூடும். நாளை வேறு சைக்கிளுக்கு மாற்ற வேண்டுமென்றால், அளவு ஒத்துவந்தால் சக்கரத்தோடு மாற்றலாம். இல்லையென்றால் போக்கம்பிகளைப் பிரித்து, ஹப்பை வேறு சக்கரத்தில் கோர்த்து, அது ஆடாமல் சுற்றும்படி கோட்டம் எடுக்க வேண்டும். உள்ளே பழுதானால் நானே கைவைக்கத் தயங்குவேன். பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றும்போது முதலில் ஒயரைப் பிரி. அவசரத்தில் அதைத்தான் மறப்பார்கள்.

ஜெர்மனியில் 2013 முதல் பேட்டரி விளக்கையும் சட்டம் ஏற்கிறது, ஆகவே கட்டாயம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவள் என்றால் வேண்டாம் என்றிருப்பேன். நீ தினமும் போகிறாய், சார்ஜ் போட மறக்கிறாய். பள்ளிக்கூட நாளிலேயே டார்ச்சைக் காலியாக வைத்திருந்தவள்தானே! வாங்கிவிடு.

பழைய சக்கரத்தைக் கடையில் விட்டுவிடாதே, வாங்கிக்கொண்டு வா. புதியதை மாட்டியதும் பிரேக் கட்டைக்கு அருகே கேமராவை வைத்துச் சுற்றி ஒரு வீடியோ அனுப்பு. கோட்டம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா