முறைப்பாடு: புகை வந்த இரவில் யன்னலைத் திறக்கச் சொன்ன உங்கள் செயலி

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

விடயம்: உங்கள் காற்றுச் சுத்திகரிப்பு மெசினும், அதோடு சேர்த்து நீங்கள் விற்கும் முன்னறிவிப்புச் சந்தாவும்.

உங்கள் செயலியில் தமிழ் இருக்கிறது. 'உங்கள் மொழியிலேயே எங்களுக்கு எழுதலாம்' என்றும் அதில் போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு வந்தவை எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த பதில்கள். தமிழில் எழுதினால் ஒரு மனிதராவது இருந்து வாசிப்பார் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

உங்கள் மெசினை நாங்கள் ஆசைக்கு வாங்கவில்லை. 2023 ஜூனில் கியூபெக் காடுகளின் புகை ரொறன்ரோவுக்கு வந்து, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வெளியே விளையாட விடாமல் வைத்திருந்த நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த வருடம் கனடாவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேயர் காடு எரிந்தது. எங்களோடு இருக்கும் மாமிக்குத் தொய்வு (ஆஸ்துமா) வருத்தம். இனி ஒவ்வொரு கோடைக்கும் இதுதான் நிலைமை என்று விளங்கியதால், விலையைப் பார்க்காமல் உங்களுடையதை வாங்கினோம். 'புகை வருவதற்கு முன்பே அறிந்து, தானாகவே வேகத்தைக் கூட்டும்' என்ற உங்கள் விளம்பரத்துக்காகத்தான் மாதச் சந்தாவும் எடுத்தோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னறிவிப்பு பிழைத்துப் போனது என்பது என் முறைப்பாடு அல்ல. காட்டுத்தீப் புகையைக் கணிப்பது லேசான வேலை இல்லை என்று எனக்கும் தெரியும். மேற்கே மனிற்றோபா மாகாணத்தில் எரியும் காடு இன்றைக்கு எவ்வளவு எரியும், புகை எவ்வளவு உயரத்துக்கு எழும்பும், இவ்வளவு தூரம் காற்றில் வந்தபிறகு தரைக்கு இறங்குமா அல்லது தலைக்கு மேலாகவே போய்விடுமா என்று எல்லாவற்றையும் ஊகிக்க வேண்டும். 2020 செப்டெம்பர் 9 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் நடுப்பகலிலேயே வானம் செம்மஞ்சளாகி, கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடின. ஆனால் அந்த நிறம் பயமுறுத்திய அளவுக்குத் தரையில் காற்று கெட்டிருக்கவில்லை. கடலிலிருந்து வந்த குளிர்ந்த காற்றுப் படலம் புகையை மேலேயே நிறுத்தி வைத்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. வானம் சும்மா வெளிறிக் கிடக்கும், புகை முழுக்கத் தரையில் நிற்கும். ஆக, கணிப்பு தவறலாம். அதற்கு உங்களோடு சண்டை பிடிக்க மாட்டேன்.

வீட்டுக்குள் இருந்த உங்கள் சொந்தச் சென்சரே புகையைக் கண்ட பிறகும், மெசின் அதை நம்பாமல் முன்னறிவிப்பை நம்பியதே என் முறைப்பாடு.

நடந்தது இது. 2025 ஜூலை நடுப்பகுதி, ரொறன்ரோவைப் புகை மூடிய அந்த வாரம். திகதியும் நேரமும் இணைத்திருக்கும் படங்களில் உள்ளன. பகல் முழுக்க வெக்கை. எங்கள் வீடு பழைய வீடு, மேல் அறைகளுக்கு ஏசி வடிவாக எட்டாது. இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு போனில் உங்கள் அறிவித்தல் வந்தது. பச்சை நிறத்தில் ஒரு இலைப் படம், கீழே 'வெளிக்காற்று நன்றாக உள்ளது. யன்னல்களைத் திறந்து வீட்டைக் குளிர்வியுங்கள்' என்ற வரி. பணம் கட்டி வாங்கும் ஆலோசனை அல்லவா? திறந்தோம். மாமியின் அறை யன்னலையும் திறந்து வைத்தோம்.

நடுச்சாமம் தாண்டி மாமி இருமிய சத்தத்தில்தான் எழும்பினேன். கதவைத் திறந்ததுமே கருகிய பிளாஸ்டிக்கும் ஈர விறகும் கலந்ததுபோல ஒரு மணம். மாமி கட்டில் விளிம்பில் நிமிர்ந்து இருந்துகொண்டு, இன்ஹேலரைக் கையில் வைத்தபடி, "மூச்சு உள்ளுக்குப் போகுதில்லை பிள்ளை" என்றார். யன்னலைச் சாத்திவிட்டு மெசினைப் பார்த்தேன். அதன் முகப்பில் பிஎம் 2.5, அதாவது மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் நுண்துகள்களின் அளவு (கனமீற்றருக்கு மைக்ரோகிராமில்), 88 என்று சிவப்பில் எரிகிறது. அதற்குக் கீழேயே 'ஸ்மார்ட் முறை: அமைதி' என்று இருக்கிறது. விசிறி முதலாம் வேகத்தில், காதை வைத்துக் கேட்டால்தான் ஓடுகிறது என்று தெரியும் அளவில், சுற்றிக்கொண்டிருக்கிறது.

கையால் அமத்தி உச்ச வேகத்தில் போட்டேன். அரை மணித்தியாலம் கழித்து அது தானாகவே பழையபடி அமைதி முறைக்குத் திரும்பிவிட்டது. திரும்பவும் அமத்தினேன், திரும்பவும் இறங்கியது. விடியும்வரை ஒரு ஆள் மெசினுக்குப் பக்கத்தில் காவல் இருக்க வேண்டியதாகிவிட்டது.

சென்சர் பழுதோ என்று நினைக்காதீர்கள். இதே மெசின் பகலில் நாங்கள் மிளகாய்த்தூளுக்கு வறுத்தால், மல்லி சூடேறும்போதே சிவந்து, செத்தல் மிளகாய் சட்டியில் விழுந்ததும் விமானம் மாதிரி இரைய ஆரம்பிக்கும். கருவாடு பொரித்தாலும் அப்படித்தான். சமையல் புகைக்கு இவ்வளவு ரோசம் உள்ள சாமான், காட்டுப் புகைக்கு வாய் திறக்காமல் இருந்தது ஏன்?

இதற்கு உங்கள் ஆட்கள் சொன்ன விளக்கம்தான் எனக்குக் கோபத்தை இன்னும் கூட்டியது. இரவு பத்து மணிக்குப் பிறகு, வெளிக்காற்று நல்லது என்று முன்னறிவிப்பு சொன்னால், வீட்டுக்குள் ஏறும் அளவை 'தற்காலிக வீட்டுப் புகை' என்று மெசின் எடுத்துக்கொள்ளுமாம். தூக்கம் கெடக்கூடாது என்பதற்காக வேகத்தைக் கூட்டாதாம். அதாவது, வாசலில் வந்து நிற்கும் ஆளைக் கண்ணால் கண்ட பிறகும், 'அவர் இன்றைக்கு வரமாட்டார் என்று கடிதத்தில் போட்டிருக்கிறதே' என்று கதவடியில் நின்று வாதாடுவது போல. நள்ளிரவு தாண்டி எங்கள் வீட்டில் யார் மணிக்கணக்காகக் கருவாடு பொரிக்கப் போகிறார்கள்?

அடுத்த பதில், 'வீட்டுச் சென்சர்கள் புகையைக் கூட்டிக் காட்டும், அதிகாரபூர்வ அளவு அல்ல' என்பது. இது பாதி உண்மை. லேசர் ஒளியைச் சிதறவைத்து எண்ணும் மலிவுச் சென்சர்கள் காட்டுத்தீப் புகையைக் கூட்டித்தான் காட்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை ஆராய்ந்து, பர்ப்பிள்ஏர் என்ற மலிவு வகைச் சென்சர்களின் அளவைக் கிட்டத்தட்டப் பாதியாக்கும் ஒரு திருத்தச் சூத்திரம் போட்டு, அதன் பிறகு அவற்றைத் தன் தீ, புகை வரைபடத்தில் சேர்த்துக்கொண்டது. குறை இருக்கிறது என்று சென்சரைத் தூக்கி எறியவில்லை, திருத்திப் பயன்படுத்துகிறார்கள். சரி, உங்கள் 88 ஐயும் பாதியாக்குவோம். 44 வருகிறது. உலக சுகாதார அமைப்பு 2021 இல் வகுத்த வழிகாட்டல், 24 மணித்தியாலச் சராசரிக்கு 15. பாதியாக்கிய பிறகும் அந்த அறையில் இருந்த காற்று ஒரு தொய்வுக்காரர் படுத்துத் தூங்கக்கூடிய காற்று இல்லை.

கடைசியாக, செயலி ஏன் பச்சை காட்டியது என்று கேட்டதற்கு, அது 24 மணித்தியாலச் சராசரியை வைத்துப் போடும் நிறம் என்றார்கள். நேற்றுப் பின்னேரம் நல்ல காற்று வீசியது என்பதற்காக இன்றிரவு மூச்சு விட முடியுமா? புகை மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் மாறும். இங்கே அரசாங்கம் தரும் காற்றுத் தர உடல்நலக் குறியீடுகூட அடிப்படையில் மூன்று மணித்தியாலச் சராசரிதான், அதுவே புகைக்குப் பிந்தித்தான் ஓடுகிறது என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஒரு முழு நாளைச் சேர்த்துக் கலக்கிவிட்டு, அதற்கு 'இப்போது' என்று தலைப்புப் போடுகிறீர்கள்.

அந்த நிறமும் எந்தக் கணக்கு நிறம் என்று விளங்கவில்லை. கனடாவின் குறியீடு 1 இலிருந்து 10, அதற்கு மேல் 10+. உங்களுடையது அமெரிக்கக் கணக்கில் 0 இலிருந்து 500. பக்கத்து வீட்டு அக்கா 'குறியீடு 7 என்கிறார்கள்' என்று பதறுகிறார், என் போன் 60 என்கிறது, யார் சொல்வதைக் கேட்பது? அமெரிக்காவிலும் 2024 மே மாதத்தில் பிஎம் 2.5 இன் பச்சை எல்லையை 12 இலிருந்து 9 ஆகக் குறைத்துவிட்டார்கள். உங்கள் பச்சை பழையதா, புதியதா? செயலியில் எங்கு தேடியும் அது எழுதப்படவில்லை.

'உங்கள் தெரு மட்டத்தில் முன்னறிவிப்பு' என்ற விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் நிபந்தனைகளின் அடியில், பொடி எழுத்தில், கணிப்புக்கு அரச மாதிரிகளின் தரவைப் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். சுற்றுச்சூழல் கனடாவின் 'ஃபயர்வொர்க்' என்ற மாதிரி காட்டுத்தீப் புகையை நாளுக்கு இரண்டு முறை, ஏறக்குறைய 10 கிலோமீற்றர் கட்டங்களாக, 72 மணித்தியாலங்களுக்குக் கணிக்கிறது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நாங்கள் இருக்கும் ஸ்காபரோவின் பெரும்பகுதி அப்படி ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்தை எங்கள் தெருவின் அகலத்துக்கு நறுக்கி, ஓரங்களை மழுப்பி, நிறம் பூசிக் காட்டினால் அது தெரு மட்டக் கணிப்பு ஆகிவிடாது. அதற்குத்தான் மாதாமாதம் டொலர் எடுக்கிறீர்கள்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் சுத்திகரிப்பு அளவும் உச்ச வேகத்தில் ஓடும்போது எடுத்த அளவு. முதலாம் வேகத்தில் எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. உங்கள் ஸ்மார்ட் முறை ஓட்டும் வேகம் அதுதானே, அதை ஏன் மறைக்க வேண்டும்?

இப்போது வீட்டில் எப்படிச் சமாளிக்கிறோம் என்றும் சொல்கிறேன், உங்கள் வடிவமைப்பாளர்களுக்கு உதவும். ஃபர்னஸுக்கு (வீட்டைச் சூடாக்கும் மெசினுக்கு) நுண்துகள்களைப் பிடிக்கும் மேர்வ் 13 தர வடிகட்டி போட்டு, விசிறியை 'எப்போதும் ஓடு' என்பதில் வைத்திருக்கிறோம். புகை நாட்களில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் காற்றோட்ட மெசினை நிறுத்திவிடுகிறோம். அடுப்புக்கு மேலுள்ள உறிஞ்சியையும் குளியலறை விசிறியையும் தேவைக்கு மட்டும்தான் போடுகிறோம், அவை வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாகப் புகைக்காற்று இடுக்குகளால் உள்ளே வரும். மாமியின் அறைக்கு மகன் ஒரு பெட்டி கட்டிக் கொடுத்தான். 20 அங்குலப் பெட்டி விசிறி ஒன்று, நான்கு பக்கமும் மேர்வ் 13 வடிகட்டிகள், அடியில் அட்டை, சுற்றிவரச் சாம்பல் நிற டேப். ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் என்ற இருவர் 2020 இல் யோசித்த அமைப்பு, இணையத்தில் எல்லாரும் செய்கிறார்கள். பார்க்க அசிங்கம்தான், சத்தமும் உண்டு. ஆனால் சுவிட்சைப் போட்டால் ஓடுகிறது. நாளைக்குக் காற்று நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னதற்காக நின்றுவிடுவதில்லை.

இனி நான் கேட்பது.

சென்சர் ஒன்று சொல்ல, முன்னறிவிப்பு வேறொன்று சொன்னால், இரவோ பகலோ, சென்சரின் சொல்லுக்குத்தான் மெசின் கட்டுப்பட வேண்டும். முன்னறிவிப்பைப் பார்த்து வேகத்தைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. வாடிக்கையாளர் கையால் வைத்த வேகத்தை அவர் மாற்றும்வரை தொடக் கூடாது. இதை மென்பொருள் திருத்தமாக, சந்தா இருப்பவர் இல்லாதவர் எல்லாருக்கும், அடுத்த தீக்காலம் தொடங்குமுன் அனுப்புங்கள். ஒன்ராறியோவில் அது ஏப்ரல் மாதமே தொடங்கிவிடுகிறது.

யன்னலைத் திறக்கச் சொல்லும் அறிவித்தலை, அரசின் விசேட காற்றுத் தர அறிக்கை நடைமுறையில் இருக்கும்போது முற்றாக நிறுத்துங்கள். மற்ற நேரங்களில் அதை அனுப்பினால், அந்தத் தரவு எத்தனை மணிக்கு, எந்த நிலையத்தில் எடுத்தது என்று அதிலேயே எழுதுங்கள். அப்புறம் திறப்பதா வேண்டாமா என்று நாங்கள் முடிவெடுப்போம்.

அந்தக் கோடையில் நான் கட்டிய சந்தாப் பணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். அடுத்த வருடத்துக்கு நானாகக் கேட்காமல் புதுப்பிக்கவும் வேண்டாம். ஒரு மாத இலவசச் சந்தா தருகிறோம் என்று உங்கள் பிரதிநிதி சொன்னார். வேலை செய்யாத ஒன்றை இன்னும் ஒரு மாதம் வைத்திருந்து நான் என்ன செய்வது? நான் அதை ஏற்கவில்லை என்பதை இதன்மூலம் எழுத்தில் தருகிறேன்.

ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கப்படும் சேவை நியாயமாக ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், அதைப் பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரமும் கூடாது. மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்குப் போகுமுன் நிறுவனத்துக்கு எழுத வேண்டும் என்பதால்தான் இந்தக் கடிதம். 30 நாட்களுக்குள் உங்கள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து, பெயர் போட்ட ஒரு பதில் வர வேண்டும். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று தொடங்கும் கடிதத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அன்றிரவு எடுத்த மெசின் முகப்பின் படம், யன்னலைத் திறக்கச் சொன்ன அறிவித்தல் தெரியும் போன் திரையின் படம், சந்தாப் பற்றுச்சீட்டுகள், உங்கள் ஆட்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன். மெசினின் தொடர் இலக்கம் பற்றுச்சீட்டிலேயே இருக்கிறது. தொலைபேசியில் கதைப்பதானால் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடுங்கள், பகலில் நான் வேலையில் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ