விளக்கைப் போட்டுக்கொள், கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

கரண்ட் பில் கூடிவிட்டதென்று ராத்திரியில் விளக்கைக்கூட அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு படி. பில்லை ஏற்றுவது அது இல்லை.

1000 வாட் சாதனம் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். உன் 9 வாட் எல்இடி பல்ப் 1 யூனிட் இழுக்க நூறு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். 2000 வாட் கீசருக்கு அரை மணி நேரம் போதும். போன் சார்ஜரெல்லாம் கணக்கிலேயே வராது. எது சூடாக்குகிறதோ, எது குளிர வைக்கிறதோ, அதுதான் காசைத் தின்னும்.

சந்தேகமாக இருந்தால் மீட்டரைப் போய்ப் பார். சின்ன விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். 1 யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று வைத்துக்கொள். பல்ப் மட்டும் எரிந்தால் ஏறக்குறைய 2 நிமிடத்துக்கு ஒரு மின்னல்தான். கீசரைப் போட்டுவிட்டு வந்து பார், நொடிக்கு ஏறக்குறைய இரண்டு தடவை துடிக்கும்.

அதற்காகப் பச்சைத் தண்ணீரில் குளித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. குளிக்கப் போகும்முன் போடு, சூடானதும் அணைத்துவிடு. நாள் முழுக்க விட்டுவைத்தால் தண்ணீர் ஆற ஆற அது தானாகவே திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

ஏசியை 16இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சாதாரண ஏசி எதில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர வைக்கும். 16இல் வைத்தால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 26இல் வைத்து ஃபேனையும் போட்டுக்கொள். ஃபில்டரைக் கழற்றிக் கழுவு. வெயில் ஏறும்முன் ஜன்னல் திரையை இழுத்துவிடு. உள்ளே வந்த சூட்டை வெளியே தள்ளத்தான் ஏசி அத்தனை கரண்டையும் இழுக்கிறது.

அப்புறம் அந்தப் பழைய பிரிட்ஜ். எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார். தாள் பிடிமானமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். குளிர் கசிந்துகொண்டே இருக்கும், கம்ப்ரஸரும் ஓய்வில்லாமல் ஓடும். ரப்பரை மட்டும் மாற்றினால் போதும், பிரிட்ஜையே மாற்ற வேண்டியதில்லை.

பில்லில் தொகையை மட்டும் பார்த்துப் பயப்படாதே. போன பில்லில் எத்தனை யூனிட், எத்தனை நாள், இதில் எத்தனை என்று பார். யூனிட் ஏறாமல் தொகை மட்டும் ஏறியிருந்தால் கட்டணத்தை உயர்த்தியிருப்பார்கள், இல்லையென்றால் பழைய பாக்கி சேர்ந்திருக்கும். அதில் உன் தப்பு ஒன்றுமில்லை. நிலைக்கட்டணம் என்று தனியாக ஒன்று போட்டிருந்தால், யூனிட்டைக் குறைத்தாலும் அது பெரும்பாலும் குறையாது. சில இடங்களில் யூனிட் ஒரு எல்லையைத் தாண்டினால் அதற்குமேல் உள்ளதற்கு விலையும் கூடும். அங்கே கொஞ்சம் குறைத்தாலும் பில்லில் நன்றாகத் தெரியும்.

இரண்டு பில்லையும் போட்டோ எடுத்து அனுப்பு. பிரிட்ஜ் கதவைப் பார்த்துவிட்டு இன்றைக்கே போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா